18 த்சுபோ மனையில் ஒரு மரவீடு

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டோக்கியோவில் உச்சிவேளைக்குக்கூடச் சூரியன் 31 டிகிரிக்கு மேல் ஏறாது. சென்னையில் அதே நாளில் ஐம்பதைத் தாண்டி நிற்கும். நாங்கள் இங்கே வீடு கட்டத் தொடங்கியபோது படுக்கையறை எத்தனை, குளியலறை எங்கே என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் கட்டடக் கலைஞர் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, எங்கள் மனையைப் பக்கவாட்டில் வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்து, எதிர்வீட்டுக் கூரை முனையிலிருந்து எங்கள் மனைக்கு ஒரு சாய்கோடு இழுத்தார். "இதுதான் குளிர்கால வெயில். இந்தக் கோட்டுக்கு மேலே நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்வோம்" என்றார்.

சின்ன மனையில் வீடு கட்ட நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். தரைப்படத்தை ஓரமாக வைத்துவிட்டு வெட்டுப்படத்திலிருந்து தொடங்குங்கள். நாம் சதுர அடியில் யோசித்தே பழகியவர்கள். "எத்தனை ஸ்கொயர் ஃபீட்?" என்றுதான் ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு போனிலும் கேட்டார்கள். ஆனால் மனை சுருங்கச் சுருங்க, வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதைச் சதுர அடி தீர்மானிப்பதில்லை, உயரமும் வெளிச்சமும்தான் தீர்மானிக்கின்றன.

எங்கள் மனை 18 த்சுபோ. இரண்டு ததாமிப் பாய் விரிக்கும் இடம் ஒரு த்சுபோ, சுமார் 3.3 சதுர மீட்டர். ஆக மொத்தம் 60 சதுர மீட்டர் அளவில் வருகிறது. சென்னைக் கணக்கில் கால் கிரவுண்டைவிடச் சற்றே அதிகம். தெருவை ஒட்டி 6.8 மீட்டர், உள்வாக்கில் 8.8 மீட்டர். தெரு தெற்கில். அதைத் தெரு என்பதைவிடச் சந்து என்பதே சரி. பழைய அளவுப்படி இரண்டு கென், அதாவது 3.64 மீட்டர் அகலம். வீட்டுக்கு முன்னால் 4 மீட்டர் சாலை இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். சாலை குறுகலாக இருந்தால் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித்தான் மனை தொடங்கும். அதனால் ஆளுக்கு 18 சென்டிமீட்டரைச் சந்துக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். எதிர்வீட்டுக்காரர் புதிதாகக் கட்டும்போது அவரும் விடுவார். இப்படி வீடு வீடாகப் பல வருடங்களில் ஒரு சந்து சாலையாக அகலமாவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1923 பெருநிலநடுக்கத்தில் இந்த நகரம் தீயில் எரிந்து போனதை மறக்காதவர்கள், தீயணைப்பு வண்டி நுழையவேண்டும் என்று செய்த ஏற்பாடு.

மனையில் 60 சதவீதத்துக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது. பக்கத்து எல்லையிலிருந்து அரை மீட்டராவது தள்ளிச் சுவர் எழுப்பவேண்டும் என்று சிவில் சட்டம் சொல்கிறது. மொத்த மாடிப் பரப்புக்கும் ஒரு வரம்பு உண்டு, எங்களுக்கு அது இடிக்கவில்லை. இடித்தது வடக்குச் சாய்வு விதி. எங்கள் பகுதியில் வடக்கு எல்லைக்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து நம் மனைக்குள் ஒவ்வொரு மீட்டர் வரும்போதும் 60 சென்டிமீட்டர் ஏறும் ஒரு சரிவை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கூரை அந்தச் சரிவைத் தாண்டக்கூடாது. வடக்கே இருக்கிறவருக்குத் தெற்கிலிருந்து வரும் வெயிலை நீ முழுதாக விழுங்காதே என்பதுதான் விதியின் பொருள்.

மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் என்றால் எத்தனை டிகிரி என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 31. அந்த நிமிடத்திலிருந்து விதியின் மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது. எங்கள் கூரையை அதே சரிவில் அமைத்தால், குளிர்கால உச்சிவெயில் ஓட்டின் மேல் உரசிக்கொண்டு பின்வீட்டுக்குப் போகும். அப்படித்தான் அமைத்திருக்கிறோம்.

இப்போது அதே கோட்டை எதிர்ப்பக்கம் போட்டுப் பாருங்கள். எதிர்வீடு சுமார் 7 மீட்டர் உயரம். அதன் கூரை முனைக்கும் எங்கள் தெற்குச் சுவருக்கும் இடையே ஆறரை மீட்டர். டிசம்பர் நடுப்பகலில் அந்த வீட்டின் நிழல் எங்கள் சுவரில் 3.1 மீட்டர் வரை ஏறி நிற்கும். எங்கள் மாடித் தளம் தரையிலிருந்து 3.05 மீட்டரில். அதாவது கீழ்த்தளத்தின் தெற்கு முகம் முழுக்க நிழலில், மாடி முழுக்க வெயிலில். பகலில் உட்காரும் இடமும் சமையலும் மாடிக்குப் போயின, படுக்கையும் குளியலும் கீழே இறங்கின. டோக்கியோவில் நெருக்கமான தெருக்களில் பலரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்.

அம்மாவுக்கு இது முதலில் ஒப்பவில்லை. "வந்தவங்களைப் படுக்கையறை வழியா மாடிக்குக் கூட்டிட்டுப் போவியா? என்ன வீடுடா இது?" என்று போனில் கேட்டார். வாசலுக்கு எதிரிலேயே படி, அறைகளுக்குள் யாரும் நுழையவேண்டாம் என்று விளக்கினேன். இன்னொரு லாபமும் இருந்தது. கடுகு தாளித்த புகையும் மீன் குழம்பு வாசனையும் மேலேதான் போகும். சமையல் மாடியில், படுக்கை கீழே என்றால் போர்வையில் வெங்காய வாசம் ஏறாது. ஜப்பானிய வீட்டுப் புத்தகங்கள் பேசாத விஷயம் இது, தமிழ்ச் சமையலறைக்கு மிக முக்கியம்.

சரி, ஏன் மரம்?

இங்கே சொந்த வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள்தான் என்பது ஒரு பதில். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்ட காரணம் எடை. சுகி மரம், ஜப்பானிய தேவதாரு என்று வைத்துக்கொள்ளலாம், தண்ணீரின் எடையில் பாதிகூட இருக்காது. கான்கிரீட் தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வீடு கனமானால் நிலம் குலுங்கும்போது அதை உலுக்கும் விசையும் அதற்கேற்பக் கூடும். பிறகு, எங்கள் சந்துக்குள் 2 டன் லாரிதான் வசதியாக வரும். தூண்களையும் உத்திரங்களையும் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, ஆட்கள் தோளில் சுமந்து இறக்கிவிடலாம். 1966இல் கட்டடக் கலைஞர் அஸுமா தகாமித்சு வெறும் 20 சதுர மீட்டர் மனையில் தன் குடும்பத்துக்குக் கட்டிய கான்கிரீட் கோபுர வீட்டைப் படங்களில் பார்த்து மலைத்திருக்கிறேன். மகத்தான வீடு. ஆனாலும் காலையில் எழுந்ததும் கை படும் சுவர் மரமாக இருக்கவேண்டும் என்பது என் மனைவியின் ஆசை, எனக்கும் அதே.

மரம் என்றதும் இன்னொரு ஒழுங்கு தானாக வந்து சேர்கிறது. இங்கே மரவீட்டின் கட்டம் அரை கென், 910 மில்லிமீட்டர். தூண், உத்திரம், ஒட்டுப்பலகை, கதவு, ஜன்னல், பாய் எல்லாம் அந்த அளவுக்கே பிறந்தவை. கட்டத்தை மதித்து வரைந்தால் பலகை வீணாகாது, ஆசாரிக்கும் குழப்பம் இல்லை. எங்கள் வீடு அகலத்தில் ஆறு கட்டம், ஆழத்தில் ஏழு கட்டம். 5.46 க்கு 6.37 மீட்டர், பத்தரை த்சுபோ. அனுமதித்த 60 சதவீதத்துக்குள் சரியாக உட்கார்ந்தது.

கீழ்த்தளக் கணக்கைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். வாசலுக்கு ஒரு த்சுபோ. படிக்கு ஒன்று. குளியலறை முக்கால். துணி துவைக்கவும் முகம் கழுவவும் ஒன்று. கழிப்பறைக்கு அரை. சாமான் அறைக்கு ஒன்று. மீதி ஐந்தே கால் த்சுபோவில் ஆறு பாய் அறை ஒன்று, நாலரை பாய் அறை ஒன்று. நடைவழி என்று தனியாக எதுவும் கிடையாது. படியைப் பற்றி ஒரு வார்த்தை: வீட்டுக்குள் படியின் உயரம் 23 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், மிதிக்கும் அகலம் 15 இருந்தால் போதும் என்று சட்டம் அனுமதிக்கிறது. அது ஏணி. இடம் மிச்சம் என்று அந்த அளவுக்குப் போய்விடாதீர்கள். அம்மா வந்தால் ஏறவேண்டும், நாமும் ஒருநாள் அம்மா வயதுக்கு வருவோம். எங்கள் படிக்கு முழு ஒரு த்சுபோ கொடுத்தோம்.

மாடியில்தான் உண்மையான பேச்சுவார்த்தை நடந்தது. கட்டடக் கலைஞர் தெற்குச் சுவரை ஒட்டி ஒன்றரை த்சுபோவுக்குத் தளமே போடாமல் திறந்துவிடலாம் என்றார். ஃபுகினுகே என்பார்கள். மூன்று பாய் விரிக்கும் இடம்! இருக்கிற இடமே போதாதபோது அதிலும் ஓட்டையா என்று மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. கட்டடக் கலைஞர் வாதாடவில்லை. பையைத் திறந்து, பழைய வீடு ஒன்றின் வரைபடத்தை எடுத்து வைத்தார்.

மசுஸாவா மகோத்தோ 1952இல் தனக்காகவே டோக்கியோவில் கட்டிய மரவீடு அது. கட்டடக் கலைஞர் ஆன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர், முப்பது வயதுகூட ஆகவில்லை. போர் முடிந்த நாட்டில் மரத்துக்கும் பணத்துக்கும் பஞ்சம். புது வீடு இத்தனை த்சுபோவுக்கு மேல் கூடாது என்ற அரசுக் கட்டுப்பாடு அப்போதுதான் விலகியிருந்தது. 1950இல் தொடங்கிய வீட்டுக்கடன் நிறுவனத்தின் கடனில் மக்கள் மெல்ல வீடு கட்டத் தொடங்கிய காலம். அவர் எடுத்துக்கொண்டது மூன்று கென்னுக்கு மூன்று கென், ஒன்பது த்சுபோச் சதுரம். உருண்டைத் தூண்கள், சாதாரண இருசரிவுக் கூரை, தெற்கு முகம் முழுக்கத் திறப்பு. அந்த ஒன்பதில் மூன்று த்சுபோவுக்கு மாடித் தளமே போடவில்லை. மொத்தம் பதினைந்து த்சுபோதான், ஆனால் உள்ளே நிற்கிறவருக்கு வீட்டின் முழு உயரமும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

இத்தனை இல்லாமையிலும் ஒருவர் மாடியில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டிருக்கிறார் என்பது என்னை அசைத்துவிட்டது. பகட்டுக்காக விட்டிருக்க முடியாது, பகட்டுக்கு அங்கே வழியே இல்லை. 1999இல் டோக்கியோவில் ஒரு கண்காட்சிக்காக அந்த வீட்டின் மரச்சட்டகத்தை அப்படியே மறுபடி எழுப்பினார்கள். அதை வைத்து ஒரு தம்பதியர் தங்கள் வீட்டையே கட்டிக்கொண்டார்கள், வடிவமைத்தவர் கொய்ஸுமி மகோத்தோ. அதிலிருந்து ஒன்பது த்சுபோ வீடு என்று ஒரு குடும்பமே கிளைத்து வளர்ந்தது. ஐம்பது வருடம் கழித்தும் மனிதர்கள் விரும்பிப் போய் வாழ்கிற அளவு என்றால் அதில் ஏதோ சரியாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அந்தத் திறப்பு செய்யும் வேலை கணக்கிலேயே தெரிந்தது. தெற்குச் சுவரின் மேல்பாதியில் பெரிய ஜன்னல். எதிர்வீட்டு நிழலுக்கு மேலே, மூன்று மீட்டருக்கும் நாலு மீட்டருக்கும் இடையில் நுழையும் வெயில், மாடித் தளம் இல்லாத அந்த 1.82 மீட்டர் ஆழத்தைக் கடந்து சாய்வாகக் கீழே இறங்கும். நடுவிலுள்ள இழுவைக் கதவுகளைத் திறந்து வைத்தால், சுவரிலிருந்து நாலரை மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் வடக்கு அறையின் தரையில் போய் விழும். வருடத்தின் மிக இருண்ட வாரத்தில், வீட்டின் மிக இருண்ட மூலையில் வெயில். இதற்கு மூன்று பாய் விலை என்றால் கொடுக்கலாம். அம்மா வரைபடத்தை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "முற்றத்தைத் தூக்கி மாடியில வச்சிருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி அவர் குறை சொல்லவே இல்லை.

நான் பேராசைப்பட்டு, திறப்பை வீட்டின் முழு அகலத்துக்கும் நீட்டலாமா என்று கேட்டேன். கட்டமைப்புப் பொறியாளர் முடியாது என்று உறுதியாக நின்றார். மரவீட்டைப் பூகம்பத்தில் காப்பாற்றுவது விசை தாங்கும் சுவர்களும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் மாடித் தளமும். தளத்தில் ஓட்டை பெரிதானால் பிணைப்பு தளரும். தெற்கில் ஜன்னல், வடக்கில் சுவர் என்று ஒரு பக்கமே பலம் சேர்ந்தால் வீடு முறுக்கிக்கொள்ளும். அதனால் தெற்கு மூலைகள் இரண்டிலும் ஒரு கட்டம் அகலத்துக்கு ஜன்னலே இல்லாத சுவர். திறப்பின் அகலம் 2.73 மீட்டரோடு சரி. மீதித் தளம் முழுக்க 24 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. திறப்பின் குறுக்கே, புயற்காற்று ஜன்னல் சுவரை உள்ளே தள்ளாமலிருக்க ஓர் உத்திரம். மழைக்காலத்தில் துணி உலர்த்த அது நல்ல கொடி.

இந்த விஷயத்தில் பொறியாளர் சொன்னதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. 1995 கோபே நிலநடுக்கத்தில் இறந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இடிந்த வீடுகளுக்கு அடியில் போனவர்கள், அவற்றில் அதிகம் பழைய மரவீடுகள். அதிலிருந்து கற்றுத்தான் 2000இல் மரவீட்டு விதிகளை இறுக்கினார்கள். தூண் அடியிலிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் இரும்புப் பிடிகளால் அஸ்திவாரத்தோடு கட்டவேண்டும், சுவர்களைச் சமமாகப் பரப்பவேண்டும் என்பது அப்போது வந்தது. 2016இல் குமமோத்தோவில் இரண்டு நாட்களுக்குள் ஜப்பானிய அதிர்வு அளவுகோலின் உச்சமான ஏழிலேயே இரண்டு முறை குலுங்கியது. மஷிகி ஊரின் நடுப்பகுதியில் ஆய்வு செய்தபோது, பூகம்பத் தாங்குதிறனில் மிக உயர்ந்ததான மூன்றாம் தரத்தில் கட்டிய மரவீடுகள் 16 இருந்தன. 14க்குச் சேதமே இல்லை, இரண்டுக்கு லேசான சேதம். அந்த எண்களைப் படித்த பிறகு மூன்றாம் தரம் வேண்டுமா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து சிறிய இரண்டு மாடி மரவீட்டுக்கும் அனுமதி கேட்கும்போது கட்டமைப்புத் தாள்களைக் காட்டியாக வேண்டும். வெப்பக் காப்பும் எல்லாப் புதுக் கட்டடத்துக்கும் கட்டாயம். இரண்டையும் மனதார வரவேற்கிறேன்.

ஊரில் எல்லோரும் கேட்பது கரையான். நியாயமான கேள்வி. அஸ்திவாரத்தின் மேல் படுக்கும் அடிச்சட்டத்துக்கு ஹினோகி போட்டோம், கரையான் எளிதில் நெருங்காத மரம். அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாகத் தாங்கிகள் வைத்து, சுற்றிலும் காற்றோட விட்டிருக்கிறார்கள். ஈரம் தங்காவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. தூண்கள் 120 மில்லிமீட்டர் சுகி, டோக்கியோவின் மேற்கு மலைகளில் வளர்ந்தவை. போருக்குப் பின் மொட்டை மலைகளில் வரிசை வரிசையாக நட்ட மரங்கள் இப்போது முற்றி நிற்கின்றன. வசந்தத்தில் என் மகளைத் தும்மவைக்கும் மகரந்தமும் அவற்றுடையதுதான். அந்த மரங்களை வெட்டிப் பயன்படுத்தி, புதிதாக நடுவதே மலைக்கும் நல்லது என்று தலைமை ஆசாரி சொன்னார்.

அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். இங்கே தோர்யோ என்று அழைப்பார்கள். இப்போது கழுந்தும் துளையும் ஆலையிலேயே எந்திரம் வெட்டித் தந்துவிடுகிறது. ஆனால் எந்த மரத்தின் எந்த முகம் வெளியே தெரியவேண்டும், எது அடிப்பக்கம் எது நுனிப்பக்கம் என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து அவரே பிரித்தார். முகடு ஏற்றும் நாளில் விடிந்ததும் தொடங்கினார்கள். சின்ன கிரேன் சந்தில் நின்று தூக்கித் தர, ஆட்கள் உத்திரத்தின் மேல் நடந்தபடியே பெரிய மரச் சுத்தியால் அடித்து இறுக்கினார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டின் எலும்புக்கூடு முழுசாக நின்றது. நாலு மூலையிலும் அரிசி, உப்பு, சாகே தெளித்தார்கள். அம்மா அப்போது வந்திருந்தார். ஊரில் நிலை வைக்கும் நாளில் செய்வதுபோல நடுத்தூணுக்கு மஞ்சள், குங்குமம் வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டார். தோர்யோ தொப்பியைக் கழற்றிவிட்டு, "தயவுசெய்து" என்று விலகி நின்றார். பிறகு அந்தத் தூணின் அந்தப் பக்கத்தைப் பலகை போட்டு மூடாமல் விட்டுவிட்டார், யாரும் சொல்லவில்லை.

கூரைச் சரிவு வடக்கே இறங்கும் இடத்தில் மாடியின் உயரம் ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். அங்கே அடுக்களை. நின்று வேலை செய்கிறவர் பின்னால் திரும்பினால் கூரை விரிந்து மேலேறும், அதனால் நெருக்கம் தெரியவில்லை. முகட்டுக்கு அடியில் பரண். உள்ளுயரம் 1.4 மீட்டரைத் தாண்டாமல், அது இருக்கும் தளத்தின் பாதிப் பரப்பை எட்டாமல் இருந்தால் பரணை மாடிப் பரப்பில் சேர்க்கமாட்டார்கள். கொலு பொம்மைகள், கோடைப் பாய்கள், என் புத்தகப் பெட்டிகள் எல்லாம் அங்கே.

இனி வெளிச்சுவர். எங்கள் பகுதி தீத்தடுப்பு வட்டாரம். கீழ்த்தளத்தில் எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள்ளும், மாடியில் 5 மீட்டருக்குள்ளும் இருக்கும் சுவரும் ஜன்னலும் தீயைத் தாங்கவேண்டும். எங்கள் மனையில் அது ஏறக்குறைய வீடு முழுவதும். அதனால் தீத்தாங்கும் பலகை உள்ளே, சுகிப் பலகை வெளியே. ஜன்னல்களுக்குக் கம்பிவலை பதித்த கண்ணாடி, செலவு கொஞ்சம் கையைக் கடித்தது. சுகிப் பலகைக்கு வண்ணம் பூசவில்லை. வெயிலிலும் மழையிலும் அது சாம்பல் நிறத்துக்கு மாறும், மாறட்டும் என்றே வைத்திருக்கிறோம். தரையோரம் தெறிக்கும் மழை முதலில் தின்பது அடிவரிசையைத்தான். அதனால் அந்த வரிசையை மட்டும் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி திருகாணியில் பூட்டச் சொன்னோம். தோர்யோ அதே மரக்கட்டிலிருந்து மிஞ்சிய பலகைகளைக் கட்டி, வீட்டின் மேற்குப் பக்க இடைவெளியில் கூரைத் தாழ்வுக்கு அடியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.